பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை மீட்டெடுப்பது: பினாங்கு ஈரக்காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

பினாங்கில் பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பஞ்சமே இல்லை. 1960-களில் பாப் யே யே என்ற மலாய் ராக் இசை அலை அடித்தபோது தெருவுக்குத் தெரு கிட்டார் குழு முளைத்தது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டு வாசித்த மெல்லிசைக் குழுக்கள் தனிக் கணக்கு. அவர்கள் தோளில் தொங்கிய கிட்டார்கள் இப்போது அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில், அல்லது லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கிடக்கின்றன. கோலாலம்பூர் பக்கம் என்றால் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தையில் தேடலாம். என் கைக்கு வருவதில் நிறைய ஜப்பான் சரக்கு: டெய்ஸ்கோ, குயாடோன், கவாய், அதற்குப் பிறகு கிப்சனையும் ஃபெண்டரையும் அப்படியே பார்த்துச் செய்த 1970-களின் கிரேக்கோ, டோகாய், ஐபனெஸ், ஏரியா.

இந்த வேலையில் என் கட்சி இதுதான்: முதலில் ஒலி, அடுத்து நெக் (விரல் ஓடும் நீண்ட கழுத்து), தோற்றம் கடைசி. தோற்றத்தில் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நம் ஊரில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. கிட்டாருக்குத் தோதானது 45 முதல் 55 வரை. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் இந்த வித்தியாசம் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

வாங்கும் முன்

சந்தைக்குப் போகும்போது ஒரு கிட்டார் கேபிளும் மல்டிமீட்டரும் பையில் இருக்கட்டும். ஆம்ப் தேவையில்லை. கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுசாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். 5 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டினால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயிரோடு இருக்கிறது. பழைய ஜப்பான் பிக்கப் சிலது இதைவிடக் குறைவாகவும் காட்டும், பயப்பட வேண்டாம். 250 கிலோ ஓமோ 500 கிலோ ஓமோ காட்டினால் மீட்டர் அளப்பது வால்யூம் பாட்டை (பாட் என்பது குமிழுக்கு அடியில் உள்ள மின்தடை மாற்றி) மட்டும்தான். பிக்கப் சுருளில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஜாக்கிலோ (கேபிள் செருகும் துளை) வயரிலோ துண்டிப்பு. அது சின்ன வேலை. பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். சுவிட்சை மாற்றி மாற்றி ஒவ்வொரு பிக்கப்பையும் இப்படிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அடுத்து நெக். கிட்டாரின் வால்பகுதியைக் கண்ணருகே வைத்து, நெக்கின் இரு ஓரங்களையும் தலைப்பக்கம் நோக்கிப் பாருங்கள். முன்னோ பின்னோ லேசாக வளைந்திருந்தால் சரி செய்யலாம். ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டு) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 60-களின் மலிவு ஜப்பான் கிட்டார் பலவற்றில் நெக்குக்குள் வெறும் இரும்புப் பட்டைதான் இருக்கும், திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது.

மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு வேலை செய்திருக்கிறது. அந்தக் காலத்து மலிவு கிட்டார்களில் பலவற்றின் உடம்பு லவான் மரம், அதாவது நம் மெராந்திக்கு உறவு. பல உடம்புகள் பிளைவுட். பிளைவுட் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், ஆனால் அடுக்குகள் பிரிந்து உப்பியிருக்கிறதா என்று ஓரங்களைத் தட்டிப் பாருங்கள்.

பிரிக்கும்போது

ஒரு திருகைத் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பிக்கார்டை (முகப்பில் திருகிய தகடு) தூக்கியதும் உள்ளே வயர் போகும் வழியை இன்னும் நெருக்கமாக எடுங்கள். பழைய முட்டை அட்டையில் குழிக்குக் குழி திருகுகளைப் பிரித்து வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதிவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

ஜப்பான் கிட்டாரின் பிளஸ் திருகு பார்க்க வழக்கமான பிலிப்ஸ் திருகு மாதிரியே இருக்கும், ஆனால் வெட்டு வேறு. ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரத்தில் வெட்டியது. சாதாரணத் திருப்புளி வழுக்கி மேலேறித் தலையை அரைத்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டாலும் தெரியும். துருப்பிடித்து அசையாத திருகில் சால்டரிங் அயர்ன் நுனியை அரை நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். ஆறியதும் பெரும்பாலும் கழன்று வரும்.

வயர்கள் இருக்கும் குழியைத் திறக்கும்போது ஆச்சரியங்கள் காத்திருக்கும். கரப்பான் கூடு, பல்லி முட்டை, ஒடிந்த பிக், மடித்த பாட்டுப் பட்டியல். நெக்கைக் கழற்றினால் அடியில் பழைய அட்டைத் துண்டு ஒன்று இருக்கலாம். குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். நெக்கின் சாய்வைச் சரிசெய்ய யாரோ வைத்த அடைப்பு அது, திரும்ப வைக்க வேண்டும்.

சுத்தம்

பூஞ்சணம், பிசுக்கு, பழைய ஸ்டிக்கர் பசை மூன்றுக்கும் லைட்டரில் ஊற்றும் எண்ணெய் போதும். மெல்லிய துணியில் சில சொட்டு விட்டுத் துடைத்தால் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டையும் பாலி (பாலியூரிதேன், பாலியெஸ்டர்) பெயிண்டையும் அது கெடுப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். தின்னரும் அசிட்டோனும் அருகில்கூட வரக்கூடாது.

சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நம் ஆட்களின் கிட்டார்களில் அடிக்கடி பார்ப்பது. சந்தனம் ஈரத்துணிக்கு வந்துவிடும். குங்குமச் சாயம் பெயிண்ட் வெடிப்புக்குள் இறங்கியிருந்தால் வராது. சுரண்டினால் வெடிப்புதான் பெரிதாகும், அப்படியே விட்டுவிடுங்கள்.

குரோம் பூச்சின் மேல்துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேயுங்கள். இரும்புக் கம்பளி இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் தூளைப் பிக்கப் காந்தம் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். எனவே பிக்கப்பைக் கழற்றி வேறு அறையில் வைத்த பிறகே அதைக் கையிலெடுங்கள். கம்பியை முறுக்கும் டியூனரின் பல்சக்கரத்துக்கும் அதே தையல் மெஷின் எண்ணெய்தான், ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

ரோஸ்வுட் பிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் பதிக்கும் பலகை) வறண்டு வெளுத்திருந்தால் கிட்டாருக்கென்று விற்கும் எலுமிச்சை எண்ணெயை மெலிதாகத் தடவி, ஐந்து நிமிடத்தில் முழுசாகத் துடைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவுகிறவர்கள் உண்டு. அது காயவே காயாது. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துப் பூஞ்சணத்துக்கு விருந்து வைக்கும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பிங்கர்போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

மின்பகுதி

இங்கே நேரம் செலவழியுங்கள். பழைய கிட்டார் கரகரவென்று இரைந்தாலோ ஒலி வந்து வந்து போனாலோ, பத்தில் எட்டு முறை காரணம் அழுக்கும் விட்டுப்போன சால்டரும்தான். எதையும் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

பாட்டின் உலோக உடம்பில், வயர் சேரும் கால்களுக்கு மேலே சின்னத் திறப்பு இருக்கும். அதன் வழியாகக் கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை அடித்து, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். எலக்ட்ரானிக் பாகங்களுக்கென்று எழுதிய கிளீனராக இருக்க வேண்டும். வீட்டுக் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். சுவிட்சுக்கு ஒரு பெயர் அட்டையை மெல்லிய பட்டையாக வெட்டி, கிளீனரில் நனைத்து, தொடுமுனைகளுக்கு நடுவே விட்டு இழுங்கள். அட்டை கறுத்து வரும். வெள்ளையாக வரும் வரை புதுப் பட்டை போட்டு இழுத்துக்கொண்டே இருங்கள். ஜாக்கின் உள்பக்கத்தைச் சுருட்டிய நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு சுற்று தேய்த்து, தொய்ந்த நாக்கை லேசாக உள்பக்கம் வளைத்தால் கேபிள் இறுகப் பிடிக்கும்.

பிறகு சால்டர் புள்ளிகள். நல்ல புள்ளி மழமழவென்று வயரைச் சுற்றிப் படர்ந்திருக்கும். மங்கிச் சொரசொரவென்று உருண்டையாக நின்றால் உள்ளே பிடிக்கவில்லை. ரோசின் உள்ளே வைத்த 60/40 சால்டரும் 40 வாட் அயர்னும் போதும். பாட்டின் முதுகில் வைக்கும் பூமி (எர்த்) புள்ளிதான் எல்லோரையும் படுத்துவது. அந்த உலோகம் பெரியது, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சின்ன அயர்னை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் கரித்தடம்தான் வெந்துபோகும். அந்த இடத்தை உப்புத்தாளால் கீறி, அகல நுனியுள்ள அயர்னை நன்றாகக் காயவைத்து, மூன்று நான்கு நொடிகளில் வேலையை முடியுங்கள். சால்டரில் ஈயம் இருப்பதால் முடித்ததும் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

பாட் நிஜமாகவே செத்திருந்தால் மாற்றலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது பொது வழக்கு. ஜப்பான் பாட்டில் ஏ என்ற எழுத்து இருந்தால் ஒலிக்கு ஏற்ற வளைவு, பி என்றால் சீரான நேர்க்கோடு. குமிழ் விஷயத்தில் கவனம்: ஜப்பான் பாட்டின் தண்டில் 18 பற்கள், அமெரிக்க சிடிஎஸ் பாட்டில் 24. அமெரிக்கப் பாட்டைப் போட்டுவிட்டுப் பழைய குமிழை அழுத்தினால் குமிழ் வெடித்துவிடும். கோலாலம்பூரில் புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பாட்டைக் கையோடு எடுத்துப்போய்த் தவுக்கேயிடம் (கடை முதலாளி) காட்டிவிட்டால் பேச்சுக்கே வேலையில்லை. கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கேஸில் வையுங்கள். அமெரிக்கக் கிட்டார் என்றால் பாட்டின் முதுகில் உள்ள எண் வயதையும் சொல்லும்: 1377633 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 76 என்பது 1976, 33 என்பது அந்த ஆண்டின் 33-ஆவது வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முன்பு கடையேறியிருக்க வழியில்லை.

இரைச்சல் இன்னும் அடங்கவில்லையா? கம்பிக்கும் ஜாக்கின் வெளி உடம்புக்கும் இடையே மீட்டரை வையுங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிட்ஜுக்கு (உடம்பின்மேல் கம்பிகள் அமரும் பாகம்) போகும் பூமி வயர் விட்டிருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் அந்த வயர் நுனி பச்சை பூத்து உதிர்வது சகஜம். பிரிட்ஜ் தூணின் குழியில் புது வயரைப் பதித்தால் பாதி இரைச்சல் அன்றே போய்விடும். அதற்குப் பிறகும் குறையாவிட்டால்தான் குழிக்குள் செம்பு டேப் ஒட்டும் வேலை.

செத்த பிக்கப்பை உடனே தூக்கிப் போட வேண்டாம். சுருளின் கம்பி தலைமுடி அளவு மெல்லியது, அது தடித்த வயரோடு சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் அறும். வெளிச்சுற்று நுனி அறுந்திருந்தால் அரை சுற்றைப் பிரித்தெடுத்து, நுனியின் பூச்சை மெதுவாகச் சுரண்டி மறுபடி சால்டர் வைக்கலாம். பூதக்கண்ணாடி கட்டாயம். உள்நுனி அறுந்திருந்தால் சுருளை முழுசாகச் சுற்றக் கொடுக்க வேண்டியதுதான். டெய்ஸ்கோவின் தங்கத் தகடு பிக்கப்பை இன்று தனியாகவே தேடி வாங்குகிறார்கள், ஆகவே அதற்குச் செலவழிப்பது வீணாகாது. சத்தத்தைக் கூட்டினால் பிக்கப் விசிலடிக்கிறது என்றால் மட்டும் மெழுகில் முக்குங்கள்: நான்கு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு, 60 முதல் 65 டிகிரி. பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்கக்கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். சூடு ஏறினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும் என்பதால் தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

கிட்டாரோடு ஜப்பான் ஆம்ப்பும் சேர்ந்து வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம் சுவர் பிளக் 230-240. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் புகைதான் வரும்.

நெக்கும் பிரெட்டும்

கிட்டார் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில் ஒரு வாரம் கம்பி போட்டு, சுருதி கூட்டி வைத்த பிறகே டிரஸ் ராடைத் தொடுங்கள். ஏர்கான் அறையில் இருந்த நெக், மழைக்காற்றுக்கு வந்ததும் நகரும். நகர்ந்து முடியும் முன் திருகினால் அதே வேலையை இன்னொரு முறை செய்ய நேரிடும்.

முதல் பிரெட்டில் (பிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி பிரெட்டில் கம்பியை அழுத்தி, ஏழாவது எட்டாவது பிரெட்டருகே இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. இருந்தால் போதும். இடைவெளி அதிகமென்றால் வலப்பக்கம் திருகி இறுக்குங்கள், இல்லவே இல்லையென்றால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். சாவி விடாப்பிடியாக நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே ராட் உடைந்தால் செலவு கிட்டார் விலையைத் தாண்டும்.

பிரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளங்கள் இருக்கும். பிரெட்டின் உயரம் 0.6 மி.மீ. ஆகும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புதுப் பிரெட் போடக் கொடுத்துவிடுங்கள், அது பழகிய கைக்கு உரிய வேலை. அதற்கு மேல் இருந்தால் வீட்டிலேயே சமன் செய்யலாம். நெக்கை நேராக்கி, பிங்கர்போர்டு மேல் டேப் ஒட்டி, ஒவ்வொரு பிரெட்டின் தலையிலும் மார்க்கர் மை பூசுங்கள். நேரான அலுமினியச் சட்டத்தில் 400 எண் உப்புத்தாள் ஒட்டி, அழுத்தாமல் நெடுக இழுங்கள். மை அழியாத பிரெட் தாழ்ந்தது. எல்லாத் தலையிலும் மை மறையத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இதற்கு மேல் ஒவ்வொரு இழுப்பும் பிரெட்டின் ஆயுளிலிருந்து போகிறது. தட்டையான தலைகளை அதற்குரிய குழி அரத்தால் வட்டமாக்கி, 600, 1000, 2000 என்று உப்புத்தாள் ஏற்றிப் பளபளப்பாக்குங்கள்.

ஸ்ட்ராப் பொத்தானின் துளை அகன்றுபோயிருந்தால் சாத்தே (இறைச்சி குத்திச் சுடும்) குச்சி ஒன்றை மரப்பசையோடு அடித்து, மட்டமாக வெட்டினால் திருகு மறுபடி பிடிக்கும். நெக்கைப் பிடிக்கும் திருகுத் துளைக்கு மட்டும் அந்தக் குறுக்குவழி வேண்டாம். அங்கே கடினமர உருளை வைத்துப் புதிதாகத் துளையுங்கள்.

பெயிண்ட்: தொடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் அப்பாவின் கிட்டாரைக் கொண்டு வந்திருந்தார். கிரேக்கோ, சன்பர்ஸ்ட் நிறம், முழங்கை படும் இடத்தில் மரம் தெரிந்தது.

“தம்பி, பழசெல்லாம் சுரண்டிட்டுப் புதுசா ஸ்ப்ரே பண்ணிடுங்க. பளபளன்னு இருக்கணும்.”

“பண்ணலாம் அண்ணே. சத்தத்துல ஒண்ணும் கூடாது, விலை மட்டும் இறங்கும். நெக்கையும் வயரையும் பார்த்துத் தரேன், ஒரு மாசம் வாசிச்சுப் பாருங்க. அப்பவும் வேணும்னா கொண்டு வாங்க.”

இன்றுவரை அந்தக் கிட்டார் திரும்ப வரவில்லை. அசல் பெயிண்டை உரித்த கிட்டாருக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு பெரிதும் குறையும், தேய்மானத்துக்குக் குறையாது. முன்பே யாரோ வீட்டுப் பெயிண்ட் அடித்து நாசம் செய்திருந்தால் மட்டும் நான் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுப்பேன்.

அப்படி எடுத்தால் முதலில் பெயிண்ட் எந்த ரகம் என்று பாருங்கள். குழியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அசிட்டோன் தொட்ட பஞ்சை வையுங்கள். கரைந்து ஒட்டினால் நைட்ரோ, அசையாவிட்டால் பாலி. நைட்ரோவை நம் ஊரில் அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும், மேலே பால் சிந்தியதுபோல் வெளுக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடித்தால் இது நிச்சயம். மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைக் கலந்து, வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் வறண்ட மாதங்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களை இதற்கு ஒதுக்கி, செப்டம்பர் அக்டோபரில் துப்பாக்கியைத் தொடாமல் இருங்கள். வெளுத்துவிட்டால் ரிட்டார்டரை மட்டும் மெல்லிய பனியாக அடித்தால் மேற்பரப்பு இளகி ஈரம் வெளியேறும். ஆவிக்கான வடிகட்டி மாட்டிய முகமூடி கட்டாயம். தூசிக்குப் போடும் காகித முகமூடி இங்கே உதவாது.

கம்பி போட்டு வாசிக்கும் நிலைக்கு

09-42 அல்லது 10-46 கம்பி செட் போடுங்கள் (மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட் என்ற கட்டையின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் சுருதி கூட்டும்போது ‘டிக்’ என்று மாட்டாது. மூன்றாவது பிரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் பிரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும். பன்னிரண்டாவது பிரெட்டில் உயரம் மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ., தடித்த கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்கி, கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அதே பிரெட்டில் ஹார்மோனிக் ஸ்வரத்தையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்புவது) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கி நின்றால் முன்னுக்கு. மரக்கட்டை பிரிட்ஜ் என்றால் முழுக் கட்டையையும் நகர்த்தி இரண்டு கோடிக் கம்பிகளையும் சரிசெய்தால் நடுவில் உள்ளவை ஓரளவு வழிக்கு வரும். முழுத் துல்லியத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வைத்துக் காப்பது

பழைய கேஸில் பூஞ்சண வாடை இருந்தால் கேஸை வெயிலில் காயப்போடுங்கள், கிட்டாரை அல்ல. கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பைகளும் சின்ன ஈரமானியும் போதும். அலமாரிக்கு வாங்கும், தண்ணீர் சேரும் ஈரம் உறிஞ்சி டப்பாவைக் கேஸில் வைக்காதீர்கள். அதில் சேர்வது உப்புக் கரைசல், சிந்தினால் உலோகம் முழுக்க அரித்துவிடும். ஏர்கான் காரிலிருந்தோ ஸ்டுடியோவிலிருந்தோ வெளியே வந்ததும் கேஸைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த கம்பிமேல் உடனே நீர் படியும். கால் மணி நேரம் மூடியே இருக்கட்டும். நைட்ரோ பெயிண்ட் கிட்டாரை ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் விட்டால் ரப்பர் பெயிண்டை இளக்கி ஒட்டிக்கொள்ளும். பிடியில் பருத்தித் துணி சுற்றுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து நெக் இடைவெளியை இன்னொரு முறை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு கால் சுற்று கேட்கும்.